சாப்பிடும் வாத்தின் படம்

காட்டு வாத்து சாப்பிடுவதைப் படம் எடுப்பது போன்ற ஒரு வெட்டி வேலை இந்த உலகத்திலேயே கிடையாது. கல்யாண மாப்பிள்ளையைப் பார்த்து, "கொஞ்சம் தலையைத் தூக்குங்க தம்பி" என்றால் தூக்குவான். வாத்து தலையைத் தண்ணீருக்குள் விட்டால் விட்டதுதான். அது வெளியே எடுக்கும்போது வாயில் ஒன்றும் இருக்காது, விழுங்கியிருக்கும். நாம் அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். என்னிடம் அப்படி ஒரு பெட்டி நிறையப் பின்பக்கங்கள் இருந்தன. என் மனைவி ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "கருமம், இதுக்கா பூசைக்கு வராம போறீங்க?" என்று கேட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் நடந்த கதை இது. சிராங்கூன் ரோட்டில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில், நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தோம். படம் எடுப்பது நான். டச்சிங் செய்வது மச்சான். நெகட்டிவில் பென்சிலாலும் சின்னக் கத்தியாலும் முகத்தைச் சரிசெய்கிற வேலைக்கு டச்சிங் என்று பெயர். அம்மைத் தழும்பும் வெற்றிலைக் கறையும் பென்சிலுக்கு மறையும். நெற்றியில் எண்ணெய் மினுமினுத்தால் அதைக் கத்தியால் சுரண்ட வேண்டும். பென்சில் வேலை பிடிக்காவிட்டால் துடைத்துவிடலாம். கத்தி வைத்தால் போனது போனதுதான். மச்சான் இரண்டிலும் கில்லாடி. சவப்பெட்டியில் படுத்திருக்கிற அப்பாவின் படத்தைக் கொண்டுவந்து, "கண்ணைத் திறந்து குடுங்கண்ணே" என்று அழுதுகொண்டு நிற்பார்கள். மச்சான் பிரஷ்ஷை எடுத்து பிரிண்ட்டில் கண்ணைத் திறந்து கொடுப்பார். திறந்த கண்ணைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதுவிட்டுப் போவார்கள்.

ஸ்டுடியோவில் மச்சானுக்கு ஒரு சட்டம் உண்டு. சாப்பிடுகிற ஆளைப் படம் எடுக்கக் கூடாது. கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் ஒரு படம் எடுக்கலாம், சோறு விழுந்துவிட்டால் காமிராவை மூடிவிட வேண்டும். தப்பித் தவறி எவனாவது கவளத்தோடு வாயைத் திறந்துகொண்டு ஃபிலிமில் விழுந்துவிட்டால், மச்சான் அந்த நெகட்டிவைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிடுவார். "சாப்பிடுற வாயைப் பாக்கலாமா மாப்ளே? கண்ணு பட்டா உடம்புல ஒட்டுமா?" என்பார். நாங்கள் வேதக்காரர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போய் நன்மை வாங்குகிற மனிதர் அவர். ஆனால் கண்ணேறு என்று வந்துவிட்டால் எங்கள் சனத்துக்கு ஞானஸ்நானம் எல்லாம் மேலோடு சரி.

தெம்பனிஸ் பக்கம் ஒரு பன்றிப் பண்ணைக்காரர் வீட்டில் பிறந்தநாள் படம் எடுக்கப் போனபோதுதான் அந்தக் குளத்தைப் பார்த்தேன். குளம் என்று பெருமையாகச் சொல்கிறேன். மணல் தோண்டிவிட்டுப் போன பள்ளம், மழைத் தண்ணீர் நின்று, கரையெல்லாம் கோரை முளைத்துக் கிடந்தது. பன்றி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். எவனோ என்னைப் பார்த்து விசில் அடிக்கிறான் என்று கோபமாகத் திரும்பினேன். அடித்தது வாத்து. பழுப்பு நிறத்தில், நீளக் கழுத்தோடு, ஒரு கூட்டம் தலைக்கு மேல் விசில் அடித்துக்கொண்டே பறந்துபோய்த் தண்ணீரில் இறங்கியது. "பெலிபிஸ்," என்றார் பண்ணைக்காரர், மலாயில். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிடறதுக்கு வீட்டு வாத்துதான் நல்லா இருக்கும் லா," என்று சேர்த்துச் சொன்னார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் நான் தவறவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? வாரம் முழுக்க மனிதர்கள் என் முன்னால் வந்து உட்கார்ந்து, என்னை இன்னும் சிவப்பாக ஆக்கு, என் மகளை ஒல்லியாகக் காட்டு, என் புருஷன் பல்லை மறை என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் நான் யாரையாவது கடித்துக் குதறியிருப்பேன்.

ஒளிந்து உட்கார ஒரு மறைப்பு வேண்டுமே! ஸ்டுடியோவில் கழித்துக் கட்டிய பழைய திரை ஒன்று கிடந்தது. தாமரைக் குளமும் இரண்டு வெள்ளை அன்னங்களும் வரைந்த திரை, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத புதுத் தம்பதி அந்தக் காலத்தில் எங்கள் தேக்கா வட்டாரத்தில் இருந்திருக்க மாட்டார்கள். அதை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, நாலு கம்பில் கட்டி, கோரையைச் செருகி, உள்ளே உட்கார்ந்துவிடுவேன். வெளியே நிஜ வாத்து, உள்ளே என் மூக்கு முட்ட அன்னம். கொசு என்னை உயிரோடு தின்றது.

பெலிபிஸ் பகலில் சோம்பேறி. கரையில் ஒற்றைக் காலில் நின்று தூங்கும். வெயில் தாழ்ந்து வெளிச்சம் போகிற நேரத்தில்தான் அதற்குப் பசி எடுக்கும். அப்போது காமிராவுக்குக் கண் தெரியாது. மேகம் மூட்டிய காலைகளில் மட்டும் கொஞ்சம் ஏமாந்து சாப்பிடும். ஆழமில்லாத இடத்தில் நடந்துகொண்டே அலகைச் சேற்றில் விட்டுச் சலிக்கும், நம் வீட்டில் மாவு சலிக்கிற மாதிரி. ஆழமான இடத்தில் குபுக்கென்று முங்கி, நாம் எதிர்பார்க்காத மூலையில் எழும்பும். தண்ணீருக்கு அடியில் இருக்கிற கொடித் தண்டைப் பிடித்து இழுக்கும். நத்தை கிடைத்தால் அதற்குத் தீபாவளி. இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தேன், ஃபிலிமில்தான் ஒன்றும் விழவில்லை.

அப்புறம் ஒரு நாள் கரையில் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அளந்தாயிற்று என்று அர்த்தம். பள்ளத்தை மூடி வீடு கட்டப் போகிறார்களாம். பறவை பார்க்க அங்கே வருகிற ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருந்தார், சீனப் பெண்மணி, என்னை மாதிரியே கொசுக்கடி வாங்கியவர். அவர் எங்கெங்கோ எழுதிப் போட்டு, கடைசியில் ஓர் அதிகாரி அவரைக் கூப்பிட்டுப் பேசினார். டீச்சர் திரும்பி வந்து சொன்னார்: "அவர் கேக்கிறார், அந்தப் பறவைங்க அங்க சும்மா உக்காந்திருக்குதா, இல்ல அங்கதான் சாப்பிடுதா? சும்மா உக்கார்றதுன்னா கிராஞ்சி ஏரிப் பக்கம் போய் உக்காரட்டும். சாப்பாடே அங்கதான்னா, மேல சொல்லிப் பாக்கலாம்னு சொல்றார்."

பின்பக்கப் படங்களை எல்லாம் டீச்சர் ஏற்கெனவே கொண்டுபோய்க் காட்டியிருந்தார். அதிகாரி சிரித்துவிட்டாராம். குளிக்குது போல என்றாராம். வாயில் என்ன இருக்கிறது என்று காட்டுங்கள், அடுத்த செவ்வாய்க்கிழமை கோப்பு மேலே போகிறது, அதற்குள் கொண்டுவாருங்கள் என்றாராம்.

எனக்கு நம்பிக்கை கிடையாது. அப்போதும் கிடையாது. குச்சி நட்ட இடத்தில் வீடு வராமல் போனதாக இந்த ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஒருத்தன் வாயைத் திறந்து, இதைக் காட்டு பார்க்கலாம் என்று கேட்டுவிட்டானே. கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? அந்த ஒரு படம் கிடைத்தால் அந்தக் குளம் ஒருவேளை தப்பிக்கும். கிடைக்காவிட்டால் நிச்சயம் போகும். அவ்வளவுதான் கணக்கு.

செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே தூறல். "இன்னிக்கு மழைல என்னத்த எடுக்கப்போறீங்க, பேசாம பூசைக்கு வாங்க," என்றாள் மனைவி. நான் ஸ்டுடியோவின் பெரிய காமிராவையும் இரவல் வாங்கிய நீள லென்ஸையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். திரைக்குள் உட்கார்ந்தபோது அன்னம் நனைந்து என் கன்னத்தில் ஒட்டியது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு பெலிபிஸ், அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை, சலித்துக்கொண்டே வந்தன. முன்னால் வந்தது முங்கியது. எழுந்தது. அதன் அலகில் ஒரு கொடித் தண்டு தொங்கியது, ஈரத்தில் பளபளவென்று. தண்டில் ஒரு குட்டி நத்தை ஒட்டியிருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அது தலையைத் தூக்கி, தண்டை உள்ளே இழுக்கும் முன் ஒரு நொடி அப்படியே நின்றது. நான் அமுக்கினேன். அடுத்த நொடி தண்டு உள்ளே போய்விட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

அன்று மாலையே நெகட்டிவைக் கழுவிக் காயப் போட்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இருட்டுத் தண்ணீருக்கு முன்னால் தண்டு, நத்தை, சொட்டு, எல்லாம் அப்படியே இருந்தன. மறுநாள் சைனாடவுன் மாரியம்மன் கோவிலில் எனக்கு ஒரு கல்யாணம் இருந்தது, காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்ப முடியும். போகிற அவசரத்தில் மச்சானிடம் சொன்னேன்.

"மச்சான், காயப் போட்டிருக்கிறது பெரிய ஆபீசுக்குப் போற படம். பெருசா ஒரு பிரிண்ட் போட்டு வைங்க."

"பெரிய ஆபீசுக்கா? கவலைய விடுங்க மாப்ளே. நான் பாத்துக்கிறேன்," என்றார்.

அவர் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் நான் மாடி ஏறியபோது ஸ்டுடியோவின் எல்லா விளக்குகளையும் போட்டு வைத்திருந்தார். நடு மேசையில் படம். மச்சான் சட்டையை மாற்றிக்கொண்டு, புதுப் பெண்ணைக் காட்டுகிற தகப்பன் மாதிரி ஓரமாக நின்றார்.

இரண்டு வாத்துகள் தண்ணீரில் நின்றன. இறகு ஒவ்வொன்றும் சீவி விட்டது போலிருந்தது. கண்ணில் ஒளி. அலகு சுத்தமாக, பளிங்கு மாதிரி. தண்டைக் காணோம். நத்தையைக் காணோம். ஒரு சொட்டுத் தண்ணீர் கூட இல்லை.

"வாயில எதையோ கவ்விக்கிட்டு, ஒழுகிக்கிட்டு, அசிங்கமா இருந்துச்சு மாப்ளே," என்றார் மச்சான். "பெரிய இடத்துக்குப் போறது, இப்படியா போறதுன்னு நாள் பூரா உக்காந்து எடுத்துட்டேன். அடேயப்பா, லேசுப்பட்ட வேலை இல்ல. கத்தி பிடிச்சு பிடிச்சு கை மரத்துப் போச்சு."

கத்தி. நான் நெகட்டிவை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். அலகுக்குக் கீழே கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

நான் கத்தின கத்தலில் கீழே பாத்திரக் கடைக்காரர் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார். "அது சாப்பாடு மச்சான்! சாப்பாடு! அது சாப்பிடுறதைக் காட்டத்தான் அந்தப் படமே! அதைப் போய்த் தொடைச்சு வச்சிருக்கீங்களே!"

மச்சானுக்கு முதலில் புரியவில்லை. "சாப்பிடும்போது யாராச்சும் படம் எடுப்பாங்களா?" என்றார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. பிறகு புரிந்தது. முகம் சுண்டிப் போனது. பிரஷ்ஷைத் தேடி எடுத்து, "வேணும்னா... திரும்ப வரைஞ்சு குடுத்துடட்டுமா? கண்ணையே திறக்கிறோம்..." என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க வரைஞ்சு கிழிச்சது போதும்," என்றேன். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். வரைந்த சாப்பாட்டைக் கொண்டுபோய் நான் எப்படி நீட்டுவது? நிஜமாக இருந்ததையே அழித்தாயிற்று. பொய்யை வேறு சுமந்துகொண்டு போக வேண்டுமா?

செவ்வாய்க்கிழமை டீச்சரும் நானும் அந்தப் படத்தோடுதான் போனோம். வேறென்ன இருந்தது? அதிகாரி நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். படத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு லா. காலண்டர் போடலாம்," என்றார். தண்டு இருந்தது, நத்தை இருந்தது, எங்கள் ஸ்டுடியோவில் தவறுதலாகச் சுரண்டிவிட்டார்கள் என்று நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். கண்ணாடி போட்டால் நன்றாக இருப்பேன் என்று சொல்கிற மாப்பிள்ளையிடம் நான் ஆட்டுகிற அதே தலையாட்டல். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. தெருவுக்கு வந்ததும், "போகட்டும், மழை வரும் போல இருக்கு, வாங்க," என்று மட்டும் சொன்னார்.

லாரிகள் வந்தன. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பாதிக் குளம் மண்ணாகியிருந்தது. மீதிப் பாதியில் பெலிபிஸ் நெருக்கியடித்துக்கொண்டு சேற்றைச் சலித்துக்கொண்டிருந்தன. பட்டப்பகலில், லாரி இரைச்சலில், என்னைப் பற்றிக் கூடக் கவலைப்படாமல் சாப்பிட்டன. அன்றைக்குக் காமிரா கொண்டுபோயிருந்தால் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். நான் கொண்டுபோகவில்லை. அடுத்த வாரம் போனபோது அங்கே ஒரு பறவையும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனைவியோடு பூசைக்குப் போக ஆரம்பித்தேன். சாமியாருக்கு ஒரே சந்தோஷம்.

அந்தப் படத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். மச்சான் அதற்கு முன்பே மரச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசவில்லை. ஒரே அறையில், ஒரே விளக்கின் கீழே, வருஷக்கணக்காக வேலை செய்துகொண்டு, அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்பதுகளின் நடுவில் மச்சானுக்கு வீடு கிடைத்தது. தெம்பனிஸில், ஒன்பதாவது மாடியில். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்த அன்று, நான் சமையலறை ஜன்னல் வழியாகச் சும்மா எட்டிப் பார்த்தேன். பழைய ரோட்டின் வளைவு ஒன்று மிச்சம் இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்றிப் பண்ணை இருந்த இடத்தில் பள்ளிக்கூடம். எனக்கு நேர் கீழே, குளம் இருந்த இடத்தில், கார் பார்க். என் திரையை நட்டு வைத்த இடத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றது. மச்சான் ஒவ்வொருத்தரையும் கூட்டிக்கொண்டுபோய், "காத்து எப்படி வருது பாருங்க," என்று ஜன்னலைக் காட்டிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது, "நல்லா வருது மச்சான்," என்றேன். வாத்துப் படம் அவர் ஹாலில், திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

அதற்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்து மச்சானுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். கலர் ஃபிலிம் வந்து டச்சிங் கத்திக்கு வேலை இல்லாமல் போயிருந்தது, அவரும் வீட்டோடு இருந்தார். பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவர், "வாங்க மாப்ளே, உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்," என்று என் கையைப் பிடித்து நேராக ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பாருங்க," என்றார்.

முன்னால் நின்ற வாத்தின் அலகில் தண்டு தொங்கியது. ஈரப் பளபளப்போடு தொங்கியது. தண்டின் வளைவு, நடுவில் ஒட்டிய குட்டி நத்தை, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு, கீழே விழுந்துகொண்டிருந்த இன்னொரு சொட்டு. பிரஷ்ஷால் வரைந்தது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். நான் அன்று லென்ஸ் வைத்துப் பார்த்தது இதைத்தான். ஒரு மயிரிழை மாறவில்லை.

"எப்படி மச்சான்?" என்றேன்.

"நானே சுரண்டுனது தானே மாப்ளே. ஒரு நாள் பூரா அதையே பாத்துக்கிட்டுச் சுரண்டியிருக்கேன், மறக்குமா?" அவர் சட்டத்தின் ஓரத்தைத் துணியால் துடைத்தார். "கண்ணு தெளிஞ்சதும் முதல்ல இதைத்தான் பாத்தேன். மனசு கேக்கல. வாயில இருந்ததைப் புடுங்கி இத்தன வருஷமா பசியோட நிக்க வச்சிட்டேனே. பாவம்."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் என் தோளைத் தட்டினார்.

"சரி சரி, திரும்புங்க. சாப்பிடுற வாயைப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க."

திரும்பி ஜன்னலுக்குப் போனேன். கீழே கார் பார்க்கில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். மச்சானும் வந்து பக்கத்தில் நின்று, புதுக் கண்ணால் வெளியே எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்தார்.

"அந்தக் குளத்தை நான் பாத்ததே இல்ல மாப்ளே," என்றார். "எங்க இருந்துச்சு? ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்களேன்."

"தூரம் மச்சான்," என்றேன்.